தோற்றுப்போன தீர்மானமும் இ.சி.ஆர். முத்திரையும்

வீட்டில் பழைய பாஸ்போர்ட் ஏதாவது இருந்தால் எடுத்துப் பாருங்கள். அப்பாவுடையதோ வாப்பாவுடையதோ, முதன்முதலில் வளைகுடாவுக்கு வந்த மாமாவுடையதோ எதுவாக இருந்தாலும் சரி. பத்தாம் வகுப்பு முடிக்காமல் வந்தவர் என்றால் அதில் இ.சி.ஆர். என்று குறிக்கப்பட்டிருக்கும். வேலைக்காக நாட்டை விட்டுப் போகும் முன் இவருடைய ஒப்பந்தத்தை அரசு பார்த்து அனுமதி தர வேண்டும் என்பது அதன் பொருள். அப்படி அனுமதி வேண்டிய நாடுகள் மொத்தம் 18. அமீரகம், சவூதி, கத்தார், ஓமன், குவைத், பஹ்ரைன் ஆறும் அந்தப் பட்டியலில் உண்டு.

இங்கே பிறந்து வளர்ந்த நம்மில் பலருக்கு இது ஏர்போர்ட்டில் வரிசையை நீளமாக்கும் ஒரு தொல்லையாகத்தான் தெரிந்திருக்கும். ஆனால் ஒரு மனிதன் கூலி வேலைக்குக் கடல் கடந்து போகும்போது அவனை அனுப்பும் நாட்டுக்கும் பொறுப்பு உண்டு என்ற எண்ணம் தானாக வந்துவிடவில்லை. நூறு வருடங்களுக்கு முன் ஒருவர் சட்டமன்றத்தில் எழுந்து நின்று அதைக் கேட்டார். முதல் முறை பாதி ஜெயித்தார். இரண்டாம் முறை முழுதாகத் தோற்றார். அவர் பெயர் கோபால கிருஷ்ண கோகலே. பாடப்புத்தகத்தில் "காந்தியின் அரசியல் குரு" என்ற ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். அந்த வரிக்குள் அடங்காத கதையைத்தான் இன்று சொல்லப்போகிறேன். அவர் மராத்தி பேசியவர். ஆனால் அவர் யாருக்காகப் பேசினாரோ அவர்களில் மிகப் பெரிய பகுதி நம் ஊர்க்காரர்கள்.

சென்னையிலிருந்து புறப்பட்ட கப்பல்

1833இல் பிரிட்டன் தன் பேரரசில் அடிமை முறையை ஒழிக்கச் சட்டம் போட்டது. கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் வேண்டும். அடிமை கிடையாது. என்ன செய்வது? இந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகளைக் கொண்டுபோனார்கள். 1834இல் மொரீஷியஸில் தொடங்கிய இந்த முறையில் கயானா, டிரினிடாட், ஃபிஜி, தென்னாப்பிரிக்காவின் நேட்டால் என்று பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியர்கள் போனார்கள்.

நேட்டாலுக்கு முதல் கப்பல் போனது நம் சென்னைத் துறைமுகத்திலிருந்துதான். 'ட்ரூரோ' என்ற அந்தக் கப்பல் 342 பேருடன் 1860 நவம்பர் 16 அன்று டர்பனில் போய்ச் சேர்ந்தது. அடுத்த ஐம்பது வருடங்களில் நேட்டாலுக்கு மட்டும் சுமார் 1,52,000 பேர் போனார்கள். அதில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு சென்னை மாகாணத்திலிருந்து. வட ஆற்காடு, செங்கல்பட்டு, தஞ்சாவூர், திருச்சி என்று எல்லாப் பக்கமிருந்தும் ஆட்கள் ஏறினார்கள். பஞ்சம், கடன், நிலமின்மை, சாதிக் கொடுமை, இவற்றோடு ஊர் ஊராகச் சுற்றிய ஆள்பிடிக்கும் தரகர்களின் இனிப்பான பேச்சு.

ஒப்பந்தம் ஐந்து வருடம். முதல் வருடம் மாதம் 10 ஷில்லிங் கூலி, பிறகு வருடத்துக்கு ஒரு ஷில்லிங் கூடும். காகிதத்தில் பார்த்தால் இதில் தவறு எதுவும் தெரியாது. கையெழுத்தோ கைநாட்டோ இருக்கிறது, சம்பளம் எழுதியிருக்கிறது, வீடும் அரிசியும் உண்டு என்று போட்டிருக்கிறது. "அவர்களாகத்தானே ஒப்புக்கொண்டு வந்தார்கள்?" என்று தோட்ட முதலாளிகள் கேட்டார்கள். அரசும் அதையே சொன்னது.

ஐந்து வருடம் முடிந்தவர்கள் அங்கேயே தங்கிச் சிறு விவசாயமும் வியாபாரமும் செய்யத் தொடங்கியதும் நேட்டால் அரசுக்கு அது பிடிக்கவில்லை. 1895இல் ஒரு சட்டம் போட்டது. ஒப்பந்தம் முடிந்தவர் மறுபடியும் கூலியாகச் சேர வேண்டும், அல்லது இந்தியா திரும்ப வேண்டும். இரண்டும் மாட்டேன் என்றால் வருடத்துக்கு 3 பவுன் வரி. அப்பா, அம்மா, 16 வயதான பையன், 13 வயதான பெண் என்று தலைக்குத் தலை இந்த வரி விழுந்தது. கணக்குப் போட்டுப் பாருங்கள். மாதம் 10 ஷில்லிங் என்றால் வருடத்துக்கு 6 பவுன். அதில் பாதி ஒருவருடைய வரிக்கே போய்விடும். நான்கு பேர் உள்ள வீடு என்ன செய்யும்? மறுபடியும் கைநாட்டு வைக்கும். வரியின் நோக்கமே அதுதான்.

கணக்கு வாத்தியார் சட்டமன்றத்துக்கு வருகிறார்

கோகலே 1866இல் இன்றைய மகாராஷ்டிராவின் ரத்னகிரி மாவட்டத்தில் ஓர் ஏழைக் குடும்பத்தில் பிறந்தார். புனேயில் ஃபெர்குசன் கல்லூரியில் ஆசிரியர். பள்ளிப் பிள்ளைகளுக்குக் கணக்குப் புத்தகம் எழுதியவர். 1902இல் வைஸ்ராயின் சட்டமன்றத்துக்கு உறுப்பினராகப் போனார்.

அது இன்றைய நாடாளுமன்றம் போன்றது இல்லை. மக்கள் ஓட்டுப் போட்டு ஆட்சியை மாற்றும் இடமல்ல. அதிகாரிகள்தான் பெரும்பான்மை. அரசு வேண்டாம் என்று நினைத்தால் எந்தத் தீர்மானமும் நிறைவேறாது. அங்கே போய் ஒருவர் என்னதான் செய்ய முடியும்?

கோகலே ஒரு வழி வைத்திருந்தார். அரசின் சொந்த அறிக்கைகளை வரி விடாமல் படிப்பார். அவர்கள் கொடுத்த எண்களை வைத்தே அவர்களைக் கேட்பார். ஏழையின் உப்புக்கு ஏன் இத்தனை வரி என்று பட்ஜெட் பேச்சில் வருடா வருடம் கேட்டார். மணங்குக்கு இரண்டரை ரூபாயாக இருந்த உப்பு வரி 1903இல் இரண்டு ரூபாய் ஆனது, 1905இல் ஒன்றரை, 1907இல் ஒரு ரூபாய். அது அவருடைய பேச்சால் மட்டும் நடந்தது என்று சொல்ல முடியாது. ஆனால் பேசாமல் இருந்திருந்தால் அந்தக் கணக்கு யார் கண்ணிலும் பட்டிருக்காது.

1909 சீர்திருத்தத்துக்குப் பிறகு உறுப்பினர்கள் தீர்மானம் கொண்டுவரலாம் என்ற உரிமை கிடைத்தது. புதிய சட்டமன்றம் 1910 ஜனவரியில் கூடியது. அடுத்த மாதமே, பிப்ரவரி 25 அன்று, கோகலே அந்த உரிமையைப் பயன்படுத்தினார். நேட்டாலுக்குக் கூலி ஆள் எடுப்பதைத் தடைசெய்யும் அதிகாரத்தை அரசு எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது தீர்மானம்.

அதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. நேட்டாலின் கரும்புத் தோட்டம், நிலக்கரிச் சுரங்கம், ரயில்வே எல்லாம் இந்தியக் கூலிகளை நம்பி ஓடின. அதே நேட்டால் இந்திய வியாபாரியை விரட்டியது, ஒப்பந்தம் முடிந்தவனுக்கு வரி போட்டது. எங்கள் உழைப்பு வேண்டும், எங்கள் மனிதர்கள் வேண்டாம் என்றால், உழைப்பையும் நிறுத்துவோம். இதுதான் வாதம். அரசு ஏற்றுக்கொண்டது. சட்டம் திருத்தப்பட்டு 1911 ஜூலை 1 முதல் நேட்டாலுக்கு ஆள் அனுப்புவது நின்றது. 'ட்ரூரோ'வில் தொடங்கிய பயணம் ஐம்பத்தோராவது வருடத்தில் முடிந்தது.

1912 மார்ச் 4

நேட்டால் கதவு மூடிவிட்டது. ஃபிஜி, டிரினிடாட், கயானா, ஜமைக்கா? அங்கெல்லாம் கப்பல்கள் போய்க்கொண்டே இருந்தன. 1912 மார்ச் 4 அன்று, ஒப்பந்தக் கூலி முறையையே முழுவதுமாக ஒழிக்க வேண்டும் என்று கோகலே இரண்டாவது தீர்மானத்தைக் கொண்டுவந்தார்.

அந்தப் பேச்சில் அவர் அதிகம் உணர்ச்சிவசப்படவில்லை. இந்த முறை என்றால் என்ன என்று ஒவ்வொன்றாகப் பிரித்து வைத்தார். என் வார்த்தையில் சுருக்கித் தருகிறேன்.

ஒன்று: மொழியும் பழக்கமும் தெரியாத, சொந்தபந்தம் இல்லாத தூர தேசத்துக்கு இவர்கள் போகிறார்கள். இரண்டு: முதலாளியைத் தேர்ந்தெடுக்கும் உரிமை இல்லை. யாருக்கு ஒதுக்கப்படுகிறார்களோ அவருக்குத்தான் வேலை. மூன்று: தோட்டத்துக்குள்ளேயே வாழ வேண்டும், அனுமதிச் சீட்டு இல்லாமல் வெளியே போகக் கூடாது. கொடுத்த வேலை எதுவானாலும் செய்ய வேண்டும். நான்கு: நடுவில் விலக முடியாது. ஐந்து: அங்கே சுதந்திரமாக வேலை செய்பவனுக்குக் கிடைப்பதைவிடக் குறைந்த கூலி.

ஆறாவதுதான் இந்த முறையின் மிக மோசமான அம்சம் என்றார். சாதாரணமாக ஒருவன் வேலை ஒப்பந்தத்தை மீறினால் அது சிவில் வழக்கு. நஷ்டஈடு கேட்கலாம், அவ்வளவுதான். ஆனால் இவர்கள் மீறினால் குற்றவாளி. வேலைக்கு வராவிட்டால், சொன்ன வேலையை முடிக்காவிட்டால், தோட்டத்தை விட்டு வெளியே போய்விட்டால் ஜெயில். இந்தச் சட்டத்தை ஊரை விட்டுக் கிளம்பும்போது யாரும் இவர்களுக்கு விளக்கவில்லை. அது எழுதப்பட்டிருப்பதும் இவர்களுக்குத் தெரியாத மொழியில்.

"அவர்களாகத்தானே கையெழுத்துப் போட்டார்கள்?" என்ற கேள்விக்கு இதுதான் அவருடைய பதில். என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாமல், விட்டுப் போனால் ஜெயில் என்பதும் தெரியாமல் போட்ட கையெழுத்து சம்மதம் ஆகாது.

அங்கே 'பாதுகாவலர்' என்ற பெயரில் ஓர் அதிகாரி இருந்தார். கூலிகளின் புகாரைக் கேட்க வேண்டியவர் அவர்தான். ஆனால் தோட்ட முதலாளிகளுடன் பழகி, அவர்களோடு விருந்து சாப்பிடும் ஒருவர் கூலிக்காக எவ்வளவு தூரம் நிற்பார்? 100 ஆண்களுக்கு 40 பெண்கள் என்ற விகிதத்தில் ஆட்களை அனுப்பியதால் நொறுங்கிய குடும்பங்களையும், தோட்டங்களில் நடந்த தற்கொலைகளையும் அரசின் ஆவணங்களிலிருந்தே எடுத்துக் காட்டினார்.

அங்கிருந்த இந்திய உறுப்பினர்கள் அவர் பக்கம் நின்றார்கள். அதிகாரிகள் எதிர்த்து ஓட்டுப் போட்டார்கள். தீர்மானம் தோற்றது. அரசு ஏற்கும்வரை இதை மறுபடியும் மறுபடியும் கொண்டுவருவோம் என்று கோகலே சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.

அந்த மாதம் அவருக்கு இன்னொரு தோல்வியும் வந்தது. பிள்ளைகளுக்குக் கட்டாய ஆரம்பக் கல்வி வேண்டும் என்று அவர் கொண்டுவந்த மசோதா மார்ச் 19 அன்று 38க்கு 13 என்று தள்ளப்பட்டது. இந்தியாவில் அது அடிப்படை உரிமையானது 2002இல். அதற்கான சட்டம் நடைமுறைக்கு வந்தது 2010 ஏப்ரல் 1 அன்று.

சட்டமன்றத்துக்கு வெளியே

பேச்சு மட்டும் எல்லாவற்றையும் மாற்றிவிட்டது என்று சொன்னால் அது பொய். கோகலே ஏமாந்த இடமும் உண்டு. 1912 அக்டோபரில் தென்னாப்பிரிக்கா போனார். காந்தி கூடவே இருந்தார். பிரிட்டோரியாவில் அமைச்சர்களைச் சந்தித்துவிட்டு வந்தபோது, 3 பவுன் வரி போய்விடும் என்ற நம்பிக்கையோடு வந்தார். அடுத்த வருடம் அப்படி எந்த வாக்குறுதியும் தரவில்லை என்று ஸ்மட்ஸ் சொல்லிவிட்டார். அதே 1913இல் கிறிஸ்தவ முறையில் நடக்காத திருமணங்கள் செல்லாது என்று ஒரு தீர்ப்பும் வந்தது.

அப்போது போராட்டத்தைத் தொழிலாளர்களே கையில் எடுத்தார்கள். டிரான்ஸ்வாலிலிருந்து ஒரு சிறு பெண்கள் குழு நேட்டாலின் நியூகாசில் சுரங்கங்களுக்குப் போனது. பெரும்பாலும் தமிழ்ப் பெண்கள். 3 பவுன் வரி போகும்வரை வேலைக்குப் போகாதீர்கள் என்று சுரங்கத் தொழிலாளர்களிடம் பேசினார்கள். ஒப்பந்தக் கூலி வேலைநிறுத்தம் செய்தால் ஜெயில் என்று தெரிந்தும் ஆயிரக்கணக்கானோர் வேலையை விட்டார்கள். நவம்பர் 6 அன்று காந்தியோடு எல்லையைக் கடந்து நடந்தவர்கள் 2,037 ஆண்கள், 127 பெண்கள், 57 குழந்தைகள்.

தில்லையாடி வள்ளியம்மை அந்தப் போராட்டத்தில் ஜெயிலுக்குப் போனவர்தான். நம் பிள்ளைகள் கவனிக்க வேண்டிய ஒரு விஷயம்: அவர் தில்லையாடியில் பிறக்கவில்லை. ஜோகன்னஸ்பர்க்கில் பிறந்தவர். அம்மாவின் ஊர்தான் தில்லையாடி. நம்மைப் போலவே வெளிநாட்டில் பிறந்த இரண்டாம் தலைமுறை. ஜெயிலில் வந்த காய்ச்சலோடு வெளியே வந்து, 1914 பிப்ரவரி 22 அன்று 16 வயதில் இறந்தார்.

இந்தியாவில் கோகலே நீரிழிவு நோயோடு போராடிக்கொண்டே போராட்டக்காரர்களுக்குப் பணம் திரட்டினார். சி. எஃப். ஆண்ட்ரூஸைத் தென்னாப்பிரிக்காவுக்கு அனுப்பிவைத்தார். கொந்தளிப்பு எவ்வளவு இருந்ததென்றால், வைஸ்ராய் ஹார்டிஞ்சே 1913 நவம்பரில் சென்னையில் பேசும்போது போராடுபவர்களுக்கு ஆதரவாகப் பேசினார். 1914இல் 3 பவுன் வரி ஒழிந்தது.

சட்டமன்றத்தில் கோகலே அடுக்கிய ஆதாரம், நியூகாசிலில் வேலையை விட்ட தொழிலாளி. இரண்டில் ஒன்று இல்லாமல் மற்றது ஜெயித்திருக்காது.

கோகலே 1915 பிப்ரவரி 19 அன்று 48 வயதில் இறந்தார். அவர் தோற்ற தீர்மானத்தை 1916 மார்ச் 20 அன்று மதன் மோகன் மாளவியா மறுபடியும் கொண்டுவந்தார். இந்தத் தடவை அரசு ஏற்றுக்கொண்டது. 1917இல் ஆள் எடுப்பது நிறுத்தப்பட்டது. 1920 தொடக்கத்தில் ஃபிஜியில் மீதமிருந்த ஒப்பந்தங்களும் ரத்தாயின.

அங்கிருந்து நம் வீட்டு பாஸ்போர்ட்டுக்கு

ஒப்பந்தக் கூலி முறை ஒழிந்த பிறகு 1922இல் இந்தியாவில் குடிபெயர்வுச் சட்டம் ஒன்று வந்தது. கூலி வேலைக்கு ஆட்கள் எந்த நாட்டுக்குப் போகலாம், எந்த நிபந்தனையில் போகலாம் என்பதை இனி அரசு தீர்மானிக்கும். 1973இல் எண்ணெய் விலை ஏறி, வளைகுடாவில் கட்டட வேலைகள் பெருகி, நம் ஊர் ஆட்கள் விமானம் ஏறியபோதும் அமலில் இருந்தது அந்த 1922 சட்டம்தான். கப்பல் காலத்துச் சட்டம். ஊருக்கு ஊர் முளைத்த விசா ஏஜெண்டுகளை அதால் சமாளிக்க முடியவில்லை. எனவே 1983இல் புதிய குடிபெயர்வுச் சட்டம் வந்தது. ஆள் எடுக்கும் ஏஜெண்ட் பதிவு செய்திருக்க வேண்டும், ஒப்பந்தத்தை அரசு பார்க்க வேண்டும். இ.சி.ஆர். இந்தச் சட்டத்தின் பிள்ளை. அனுமதி தரும் அதிகாரியின் பெயர் என்ன தெரியுமா? குடிபெயர்வோர் பாதுகாவலர். சென்னையிலும் அவருக்கு அலுவலகம் உண்டு. கோகலே குறை சொன்ன அதே பதவிப் பெயர்!

வளைகுடா வேலையும் அன்றைய கூலி முறையும் ஒன்று என்று நான் சொல்லவில்லை. அப்படிச் சொல்வது இரண்டு தலைமுறைக்கும் அநியாயம். நம் வீட்டுப் பெரியவர்கள் சம்பாதித்து வீடு கட்டினார்கள், நம்மைப் படிக்க வைத்தார்கள். ஆனால் கோகலேயின் ஆறு அம்சங்களையும் கேள்வியாக மாற்றி, எந்த வேலை ஒப்பந்தத்தின் பக்கத்திலும் வைத்துப் பார்க்கலாம். புரிகிற மொழியில் எழுதியிருக்கிறதா? முதலாளியை மாற்ற முடியுமா? விட்டுப் போனால் அது வெறும் ஒப்பந்த மீறலா, குற்றமா?

கபாலா என்று நாம் கேள்விப்படும் ஸ்பான்சர் முறையின் சிக்கல் இந்தக் கடைசிக் கேள்வியில்தான் இருந்தது. ஸ்பான்சரை விட்டுப் போனவர்மேல் 'அப்ஸ்காண்டிங்' என்று புகார் விழுந்தால் அவர் வேலை இழந்தவர் மட்டுமல்ல, சட்டத்தை மீறியவரும் ஆகிவிடுவார். அந்த ஒரு சொல்லுக்குப் பயந்து சம்பளம் வராமலேயே மாதக்கணக்கில் வேலை பார்த்தவர்களை நம்மில் பலருக்குத் தெரியும்.

மாற்றங்கள் வந்திருக்கின்றன. அமீரகத்தில் 2005 முதல் கோடையில் மதிய வெயில் நேரத்தில் திறந்தவெளி வேலைக்குத் தடை. 2009 முதல் சம்பளம் வங்கி வழியாகப் பதிவாகும் ஏற்பாடு. 2016 ஜனவரி முதல், வேலை உறுதிக் கடிதம் அரபி, ஆங்கிலத்தோடு தொழிலாளிக்குப் புரிகிற இன்னொரு மொழியிலும் இருக்க வேண்டும் என்ற விதி. கத்தார் 2020இல் பழைய முதலாளியின் அனுமதி இல்லாமலே வேலை மாறலாம் என்று சட்டத்தை மாற்றியது. குவைத் நாடாளுமன்றம் 2015இல் வீட்டு வேலை செய்பவர்களுக்கென்று தனிச் சட்டம் நிறைவேற்றியது. 2017இல் அமீரகமும் செய்தது. சட்டம் காகிதத்தில் இருப்பதற்கும் கேம்ப்பில் கடைசி அறைவரை போய்ச் சேர்வதற்கும் நடுவே இன்னும் தூரம் இருக்கிறது. அந்தத் தூரத்தைக் குறைக்க யாராவது கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும்.

நாம் என்ன செய்யலாம்? இந்திய நாடாளுமன்றத்தில் உறுப்பினர்கள் கேட்கும் கேள்விகளும் அமைச்சர்கள் தரும் பதில்களும் மக்களவையின் இணையதளத்தில் இருக்கின்றன. வளைகுடாவில் எத்தனை இந்தியர் இறந்தார்கள், எத்தனை பேர் ஜெயிலில் இருக்கிறார்கள், சம்பளப் புகார்கள் எத்தனை என்று நாடுவாரியாகக் கேட்ட கேள்விகள் அதில் கிடைக்கும். உங்கள் ஊர்த் தொகுதி எம்.பி.யின் பெயரைப் போட்டுத் தேடுங்கள். அவர் நம்மைப் பற்றி ஏதாவது கேட்டிருக்கிறாரா என்று பாருங்கள். கேட்டிருந்தால் அந்தப் பதிலை வீட்டில் உரக்கப் படித்துக் காட்டுங்கள். கேட்கவில்லை என்றால், என்ன கேட்க வேண்டும் என்று ஒரு கடிதம் எழுதுங்கள். பதினெட்டு வயது ஆக வேண்டும் என்று காத்திருக்க வேண்டியதில்லை.